ஈறு நோயும் ஹரால்ட் லோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈறில் ரத்தம் வருகிறது என்று யாராவது பேச்சைத் தொடங்கினால், நான் சுற்றி வளைத்துக் கடைசியில் ஒரு நார்வேக்காரரிடம் வந்து நிற்பேன். கேட்பவர்களும் விடமாட்டார்கள். யார் அவர் என்பதில் ஆரம்பித்து தேயிலைத் தோட்டம், சர்க்கரை நோய், வாய் கொப்பளிக்கும் மருந்து என்று எங்கெங்கோ இழுத்துப் போவார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

யார் இந்த ஹரால்ட் லோ?

1926-ல் நார்வேயில் பிறந்தவர். 1952-ல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் முடித்தார். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் உள்ள அரச பல் மருத்துவக் கல்லூரியில் 1962 முதல் 10 ஆண்டு பேராசிரியர். பெயர் வாங்கித் தந்த வேலையெல்லாம் அங்கேதான் நடந்தது, அல்லது அங்கேதான் தொடங்கியது. அப்புறம் அமெரிக்கா. மிச்சிகனில் கொஞ்ச காலம், கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டீன், 1983-லிருந்து 1994 வரை அமெரிக்க அரசின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநர். 2008-ல் இறந்தார்.

நம் ஊர் பல் மருத்துவ மாணவர்களுக்கு அவர் ஒரு வைவா கேள்வி, அதாவது வாய்மொழித் தேர்வில் வரும் கேள்வி. "லோ அண்ட் சில்னெஸ் இண்டெக்ஸ் சொல்லு" என்று கேட்பார்கள், ஈறு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கான எண்களைப் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஒப்பித்துவிட்டு வருவோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார், அவர் என்ன கேள்வியோடு திரிந்தார் என்பதைப் படித்து முடித்துப் பல வருடம் கழித்துத்தான் நான் தேடிப் பார்த்தேன்.

அவருக்கு முன்னால் ஈறு நோய்க்கு என்ன காரணம் சொன்னார்கள்?

எதைத்தான் சொல்லவில்லை! வயசாகிவிட்டது, வைட்டமின் குறைவு, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகக் கடிபடவில்லை, குடும்பத்தில் இருக்கிறது, பல்லில் படிந்த காரை ஈறை உறுத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி இருந்தது.

வாயில் கிருமிகள் இருப்பது தெரியாமல் இல்லை. டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹூக் தன் பல் இடுக்கிலிருந்து வெள்ளையாக எதையோ சுரண்டி, தானே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, "உயிருள்ள குட்டிப் பிராணிகள் அசைகின்றன" என்ற பொருளில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியது 1683-ல். பெர்லினில் வேலை பார்த்த மில்லர், 1890-ல் வாய்க் கிருமிகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே போட்டுவிட்டார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நல்ல வாயிலும் கிருமி, கெட்ட வாயிலும் கிருமி. ஈறு ஏற்கெனவே கெட்டுப்போனவரின் வாயை எத்தனை முறை பார்த்தாலும், எலி புகுந்ததால் வீடு பாழானதா, வீடு பாழானதால் எலி புகுந்ததா என்று சொல்ல முடியாது. பாழாகும்போதே கூடவே இருந்து பார்த்தால்தான் தெரியும். அதைத்தான் லோ செய்தார்.

1965-ல் செய்த சோதனை என்ன? பல் துலக்கவே கூடாது என்று சொன்னாராமே?

ஆமாம், அவ்வளவுதான் சோதனை. ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பிடித்தார்கள். 9 பேர் முதலாம் ஆண்டுப் பல் மருத்துவ மாணவர்கள், ஒருவர் ஆசிரியர், இருவர் ஆய்வகப் பணியாளர்கள். பிரஷ் வேண்டாம், நூல் வேண்டாம், குச்சி வேண்டாம். எதையும் தொடாமல் இருங்கள், நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்றார்கள். லோவுடன் இருந்த இருவர் எல்சே தைலாடே, யென்சன். இதில் தைலாடே நுண்ணுயிர்ப் பக்கத்தைக் கவனித்தவர். அவர் இல்லாவிட்டால் இந்த ஆய்வில் பாதிதான் மிஞ்சியிருக்கும்.

12 பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. வேகமானவர்களுக்கு 10 நாள், மெதுவானவர்களுக்கு 21 நாள். பிறகு பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் போல ஆனதும் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது.

நாம் ரெண்டு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தாலே நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தால் கம்பளி போர்த்தியது போல இருக்கும். அதை 3 வாரம் விட்டுவைப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மாணவர்களின் வீட்டில் இருந்தவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

கிருமிகள் என்ன செய்தன? வெறும் அழுக்குச் சேர்ந்ததுதானே?

இல்லை, ஆய்வின் ருசியான பகுதியே இதுதான். அவ்வப்போது ஈறோரத்திலிருந்து, பல்லில் படியும் கிருமிப் படலத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி, சாயமேற்றிப் பார்த்தார்கள். கிராம் சாயம் என்று ஒன்று உண்டு. சில பாக்டீரியா ஊதா நிறம் பிடிக்கும், சில சிவப்பாகத் தெரியும். சுத்தமான வாயில் ஈறோரத்தில் இருப்பவை பெரும்பாலும் ஊதா நிறம் பிடிக்கும் உருண்டைகளும் குட்டைக் குச்சிகளும்.

துலக்குவதை நிறுத்திய முதல் இரண்டு நாளில் இந்தக் கூட்டமே பெருத்தது, கூடவே சிவப்பு வகையும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அடுத்த சில நாட்களில் நீளமான இழைகளும் இரு முனையும் கூரான ஃப்யூசோ பாக்டீரியாவும் வந்து சேர்ந்தன. அதற்கும் பிறகு, சுருள் சுருளாக நெளிந்து ஓடும் ஸ்பைரோகீட்டுகள். இவை வந்து நிலைத்த சமயத்தில்தான் ஈறும் கண்ணுக்குத் தெரியும்படி சிவந்தது.

ஆக, சேர்ந்தது அழுக்கு இல்லை, ஒரு குடியிருப்பு. முதலில் வந்தவை பல்லில் ஒட்டி இடம் பிடிக்கின்றன, அடுத்தவை அவற்றின்மேல் ஒட்டுகின்றன, அடியில் காற்றுக் குறையக் குறைய ஆக்சிஜன் ஆகாதவற்றுக்கு வாசல் திறக்கிறது. தைலாடே முதல் ஆசிரியராக இருக்கும் 1966-ம் ஆண்டுக் கட்டுரையில் இந்த வரிசை விவரமாக வருகிறது. இப்படி ஒட்டி வாழும் கிருமிக் குடியிருப்புக்குப் பெயர் பயோஃபிலிம். அந்தச் சொல் பல் மருத்துவத்தில் புழங்குவதற்கு முன்பே அதன் கதையை நாள்கணக்கில் எழுதிவிட்டார்கள்.

வெறும் 12 பேரை வைத்து ஒரு துறையையே மாற்ற முடியுமா?

100 பேரில் 60 பேருக்கு வந்தது என்றால் எண்ணிக்கைச் சண்டை வரும். இங்கே 12-க்கு 12. அதோடு ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு: அதே வாய், அதே சாப்பாடு, அதே கடி, அதே வயது. மாறியது ஒன்றே ஒன்று. அதை எடுத்தால் நோய் வருகிறது, திருப்பிக் கொடுத்தால் போகிறது. வைட்டமின் கட்சிக்கும் கடி கட்சிக்கும் பதில் சொல்ல இடமே வைக்கவில்லை. பிறகு வெவ்வேறு நாடுகளில் பலர் இதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள்; இன்றும் புதிதாக ஒரு பற்பசையையோ கொப்பளிக்கும் மருந்தையோ சோதிக்க இதே அச்சைத்தான் எடுக்கிறார்கள்.

ஆனால் ஒரு ஓட்டை உண்டு. நிரூபணமானது ஈறு அழற்சி மட்டும். அழற்சி என்பது ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் வருவது. அது திரும்பச் சரியாகிவிடும். அந்தக் காலத்து விளம்பரங்களில் "பயோரியா" என்று பயமுறுத்தினார்களே, பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து பல் ஆடுவது, அது வேறு கட்டம். கரைந்த எலும்பு தானாக வளராது. முதல் கட்டம் கவனிக்காமல் விட்டால் இரண்டாவதாக ஆகுமா? எல்லோருக்குமா? எத்தனை வருடத்தில்? இதைக் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்க்க முடியாது. 20 வருடம் பல் துலக்காதே என்று யாரிடம் சொல்வது?

நாயை வைத்துப் பார்த்தார்கள் என்று படித்தேனே?

ஸ்வீடனின் யான் லிண்டே குழு பீகிள் நாய்களை வைத்து 4 ஆண்டு பார்த்தது, 1975-ல் வந்த அந்தக் கட்டுரையில் லோவும் ஒருவர். பல் சுத்தம் செய்யாமல் விட்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு எலும்பு கரைந்தது. ஒன்றிரண்டுக்கு அப்படி ஆகவில்லை. அந்த ஒன்றிரண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உதவும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

மனிதர்களிடம் இந்த நோய் யாரும் குறுக்கே வராவிட்டால் எப்படிப் போகும் என்று பார்க்க, லோ இரண்டு கூட்டங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று ஓஸ்லோவில் 565 ஆண்கள். மாணவர்களும் படித்தவர்களும், சிறு வயதிலிருந்தே பள்ளிப் பல் மருத்துவ சேவையில் வளர்ந்தவர்கள். 1969-ல் தொடங்கியது. இன்னொன்று 1970-ல், நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயா பக்கம், டன்சினன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள். அப்போது அந்த நாட்டுக்குப் பெயர் சிலோன். ஸ்ரீலங்கா என்று ஆனது 1972-ல்.

அந்தத் தொழிலாளர்கள் தமிழர்கள். பிரிட்டிஷ்காரர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுபோய் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடிவைத்தவர்களின் பேரன், கொள்ளுப்பேரன்கள். 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியிருந்தது. 1964-ம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தது. பல் அளக்க வந்தவர்கள் போய் நின்றது அப்படிப்பட்ட ஒரு காலத்தில்.

எங்கள் வகுப்பில் இந்த ஆய்வை "எட்டு, எண்பத்தொன்று, பதினொன்று" என்று மூன்று எண்ணாகச் சொல்லிக் கொடுத்தார்கள், அவை என்ன என்பது கீழே வரும். "ஸ்ரீலங்கன் டீ லேபரர்ஸ்" என்று பாடத்தில் இருந்தது. அவர்கள் நம் பாஷை பேசுகிறவர்கள் என்று அந்த வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் அன்று கேட்கத் தோன்றவில்லை.

ஏன் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்?

ஆய்வாளர்களின் கணக்கில் அவர்கள் ஓஸ்லோவுக்கு நேர் எதிர்முனை. உடல் நலமாக இருப்பவர்கள், ஆனால் பல் நோய்த் தடுப்போ வைத்தியமோ எட்டிப் பார்க்காத இடம். வழக்கமான பல் சுத்தம் எதுவும் இல்லை என்று கட்டுரை சொல்கிறது. பல்லில் படலமும் காரையும் கறையும் நிறைய, கிட்டத்தட்ட எல்லா ஈறிலும் அழற்சி. ஆச்சரியம் என்னவென்றால் சொத்தைப் பல் மட்டும் அநேகமாக இல்லை. சொத்தைக்காகப் பல் பிடுங்கி எண்ணிக்கை குழம்பாது என்பதால், ஈறு நோயை மட்டும் தனியாகப் பார்க்க அது வசதியாகப் போயிற்று.

"வழக்கமான" என்ற சொல்லில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. உமிக்கரியும் சாம்பலும் விரலுமாகப் பல் தேய்க்கும் பழக்கம் நம் குடும்பங்களில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது. அதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராது. இருந்தாலும் ஈறை அளக்கும் கம்பி பொய் சொல்லாது: படலம் இருந்தது, அழற்சி இருந்தது.

என்ன கண்டுபிடித்தார்கள்?

1970-லிருந்து 1985 வரை பல முறை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். கடைசி முறை மிஞ்சியவர்கள் 161 பேர். 1986-ல் வந்த கட்டுரை அவர்களை மூன்றாகப் பிரித்தது. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவியது. 81 சதவீதம் பேருக்கு மிதமாக. மீதி 11 சதவீதம் பேருக்கு அழற்சியைத் தாண்டி நோய் நகரவே இல்லை.

அளந்தது என்ன என்று சொன்னால்தான் இது புரியும். மெல்லிய உலோகக் கம்பி, அதில் மில்லிமீட்டர் கோடுகள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினால், ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் நின்றுவிடும். அந்த ஒட்டு, பல்லின் வெண்பகுதி முடியும் கோட்டிலிருந்து எவ்வளவு கீழே போய்விட்டது என்பதுதான் கணக்கு. முன்பல்லின் வேர் தோராயமாக 13 மில்லிமீட்டர் நீளம். வேகமான கூட்டத்தில் 45 வயதில் சராசரி இழப்பும் சுமார் 13 மில்லிமீட்டர். அதாவது பிடிமானமே மிச்சமில்லை. அவர்களுக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35-ல் 12 பல், 40-ல் 20 பல், 45-ல் வாய் முழுக்கக் காலி. மிதமான கூட்டத்துக்கு 45-ல் இழப்பு 7 மில்லிமீட்டர், விழுந்த பல்லும் சராசரி 7. மூன்றாவது கூட்டத்துக்கு 1 மில்லிமீட்டர் போல, பல் விழவே இல்லை என்று சொல்லலாம்.

ஓஸ்லோக்காரர்களின் சராசரி இழப்பு, 40 வயதை நெருங்கும்போது, ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். அதே வயதில் தோட்டத்தில் நாலரை.

அந்த 11 சதவீதம் எப்படித் தப்பித்தார்கள்?

ஈறு நோய் ஆராய்ச்சியின் போக்கையே திருப்பியது இந்தக் கேள்விதான். அதே தோட்டம், அதே லயம், அதே சோறு, அதே அளவு படலமும் காரையும், அதே சிவந்த ஈறு. ஒருவருக்கு 45-ல் வாய் காலி, பக்கத்தில் நிற்பவருக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது. படலம் இல்லாமல் நோய் இல்லை என்று 1965-ல் நிரூபித்த அதே ஆள், படலம் மட்டும் போதாது என்று 1986-ல் எண்ணோடு எழுதினார். தன் சொந்த முடிவுக்குத் தானே வரம்பு கட்டியது. அவருடைய தொழில் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மீதி விடை உடம்பில் இருக்கிறது. எலும்பைக் கரைப்பது கிருமி நேரடியாகச் செய்யும் வேலை அல்ல. கிருமியை விரட்டப் போகும் நம் வெள்ளணுக்களும் அவை கிளப்பிவிடும் அழற்சியும்தான் எலும்பைத் தின்னும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அந்த எதிர்வினை ஆளுக்கு ஆள் மாறுகிறது. மரபு, சிகரெட், சர்க்கரை நோய், எல்லாம் இதில் கை வைக்கும். மேலே சொன்ன ஒன்றிரண்டு நாய்களும் இந்தக் கணக்குதான்.

வைத்தியம் பார்க்காமல் 15 வருடம் அளந்துகொண்டே இருந்தது நியாயமா?

என் மனதுக்கு ஒப்பவில்லை. அந்தக் காலத்தில் அது விதிமீறலாகப் பார்க்கப்படவில்லை, ஆய்வாளர்கள் நோயை உண்டாக்கவும் இல்லை. தோட்டத்தில் பல் வைத்தியம் இல்லாமல் போனதற்கு அவர்கள் காரணமும் இல்லை. இதெல்லாம் சரி. ஆனால் ஒரு வாரம் துலக்கினால் அழற்சி போய்விடும் என்று உலகத்துக்குச் சொன்ன கட்டுரை 1965-லேயே வந்துவிட்டது. அளக்கத் தொடங்கியது 1970-ல். ஆய்வின் தலைப்பிலேயே "இயற்கை வரலாறு" என்ற சொல் இருக்கிறது. ஒரு காட்டையோ பறவையையோ பற்றிச் சொல்வதுபோல. அந்தத் தோட்டத்தில் பல் வைத்தியர் இல்லாமல் போனது இயற்கை அல்ல, ஒரு அரசும் கம்பெனிகளும் சேர்ந்து செய்த ஏற்பாடு.

இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு ஆய்வுக்குக் கையெழுத்துப் போடாது. அதனாலேயே அந்த எண்கள் திரும்பக் கிடைக்காதவை, உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் உட்கார்ந்திருப்பவை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நான் மாணவர்களிடம் சொல்கிறேன்.

அவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

2010-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு தோட்டங்களுக்குத் திரும்பப் போய்த் தேடியது. 480 பேரில் 75 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். 40 வருடக் கணக்கு 2017-ல் வெளியானது. 30 வயதில் இழப்பு 1.8 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்கள் 60 வயதில் குறைந்தது 20 பல்லோடு இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அதில் வந்த ஒரு முடிவு. 30 வயதிலேயே அளந்து பார்த்துவிட்டால் போகும் திசை தெரிந்துவிடும் என்று அர்த்தம். நம் ஊரில் 30 வயதில் யார் ஈறை அளக்கப் போகிறார்கள்?

சரி, எந்தக் கிருமி குற்றவாளி என்று கண்டுபிடித்தார்களா?

அந்த வேட்டை லோவுடையது அல்ல, பாஸ்டன் ஃபார்சைத் நிறுவனத்தில் இருந்த சிக்மண்ட் சொக்ரான்ஸ்கியுடையது. ஈறுக்கு அடியில் வாழும் கிருமிகளை ஆய்வகத்தில் வளர்ப்பது பெரும்பாடு. காற்றுப் பட்டால் செத்துவிடும், வளர்ந்தாலும் வாரக்கணக்கில் ஆகும். அவர் குழு டிஎன்ஏ-வை வைத்து ஒரே சவ்வில் பல மாதிரிகளைப் பல கிருமிகளுக்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாக, சதுரங்கக் கட்டம் போலப் போட்டுப் பார்க்கும் முறையை 1994-ல் வெளியிட்டது. அதை வைத்து 185 பேரிடமிருந்து எடுத்த 13,261 மாதிரிகளில் 40 வகைப் பாக்டீரியாவைத் தேடினார்கள். 1998-ல் வந்த அந்தக் கட்டுரை, யார் யாரோடு கூட்டு என்று நிறம் கொடுத்துப் பிரித்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமான பள்ளமும் ரத்தமும் இருக்கும் இடத்தில் சேர்ந்தே தென்பட்ட மூன்றுக்குச் சிவப்பு: போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபார்சைதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா. இரண்டாவதின் பெயரிலேயே அந்த நிறுவனம் இருக்கிறது. மூன்றாவது ஒரு ஸ்பைரோகீட், 1965-ல் தைலாடே கண்ணாடித் துண்டில் கடைசியாக வந்து சேர்ந்ததே, அந்த வகை.

ஆனால் இங்கேயும் கதை நேராகப் போகவில்லை. 2011-ல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்றில், ஜிஞ்சிவாலிஸ் மிகச் சிறு அளவில் இருந்தே மற்றக் கிருமிகளின் கூட்டத்தைக் குலைத்து எலும்பைக் கரைத்தது. வேறு கிருமியே இல்லாத எலிக்கு அதை மட்டும் கொடுத்தபோது எலும்பு கரையவில்லை. தானே அடிப்பதில்லை, ஊரைத் தூண்டிவிடுகிறது. ஆகவே ஒரு கிருமிக்கு ஒரு மாத்திரை என்று ஈறு நோயை முடிக்க முடியவில்லை, ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கேட்டு வருகிறவர்களிடம் இதை விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

வாய் கொப்பளிக்கும் மருந்தும் இவர் கண்டுபிடித்ததா?

குளோர்ஹெக்சிடின் 1950-களிலேயே தோலுக்கான கிருமிநாசினியாகப் புழக்கத்தில் இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுவந்ததில் 1970-ல் லோவும் ஷியோட் என்பவரும் எழுதிய கட்டுரைக்குத்தான் பெரிய பங்கு. பல் துலக்காமல், 0.2 சதவீதக் கரைசலில் 10 மில்லி, காலையும் மாலையும் கொப்பளித்தவர்களுக்குப் படலமே பிடிக்கவில்லை, அழற்சியும் வரவில்லை. 1965-ன் சோதனையை மறுபக்கமாகத் திருப்பிப் போட்டதுதான் இது. மருந்து பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதுதான் ரகசியம்.

அதற்காக வருடம் முழுக்கக் கொப்பளிக்காதீர்கள். பல்லும் நாக்கும் பழுப்பாகும், காபி ருசி கெடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பிரஷ் பிடிக்க முடியாதவர்களுக்கு, டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும். பற்பசையில் இருக்கும் நுரைப்பொருள் இதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் துலக்கி அரை மணி நேரம் விட்டுக் கொப்பளிப்பது நல்லது.

அந்த வைவா கேள்விக்குப் பதில் என்ன?

ஈறுக்கு: 0 என்றால் நலம். 1 என்றால் லேசான சிவப்பு, கம்பி பட்டாலும் ரத்தம் இல்லை. 2 என்றால் கம்பி பட்டால் ரத்தம். 3 என்றால் தானாகவே ரத்தம். இதை 1963-ல் கர்ப்பிணிகளின் ஈறைப் பார்ப்பதற்காக லோவும் சில்னெஸ்ஸும் போட்டார்கள். படலத்துக்கான எண் அடுத்த வருடம். எண் வந்த பிறகுதான் ஓஸ்லோவையும் பூண்டுலோயாவையும் ஒரே தாளில் வைக்க முடிந்தது.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் தொடர்பு உண்மையா?

உண்மை. கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய், ஆறாத புண், இவை ஐந்தும் சர்க்கரையின் பின்விளைவுகள் என்றால் ஈறு நோய் ஆறாவது என்று 1993-ல் லோ எழுதினார். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினரிடம் கிடைத்த தகவல்கள் அதற்கு அடிப்படை. அவர்களிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை மிக அதிகம்.

எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்யுமா, அதாவது ஈறைச் சரி செய்தால் சர்க்கரை குறையுமா? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று மாத சர்க்கரை அளவு 0.4 புள்ளி போல இறங்குகிறது. 2013-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் பலன் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பல் க்ளீன் பண்ண வராதீர்கள், இரண்டையும் செய்யுங்கள்.

ஆலும் வேலும் போதாதா?

படலம் கலைந்தால் போதும், கலைப்பது எது என்பது அடுத்த கேள்வி. வேப்பங்குச்சியை மென்று நாராக்கித் தேய்ப்பவர் ஈறோரமும் பல் இடுக்கும் விடாமல் தேய்த்தால் நன்றாகவே இருப்பார். நான் பார்க்கும் பெரும்பாலோர் முன்பல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். உமிக்கரி நரநரவென்று இருந்தால் பல்லையே தேய்த்துவிடும்.

க்ளீன் பண்ணினால் பல் ஆடும் என்கிறார்களே?

காரை பல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை, பள்ளத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. எலும்பு ஏற்கெனவே போயிருக்கும், ஈறும் வீங்கியிருக்கும். காரையை எடுத்து, வீக்கம் வற்றியதும் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, சில நாள் கூச்சமும் இருக்கும். பழி ஸ்கேலிங் செய்தவர்மேல் விழுகிறது.

துலக்கும்போது ரத்தம் வருகிறது. அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்கட்டுமா?

விட்டுவிட்டால் அந்த இரண்டு பல்லில் மட்டும் 1965-ம் ஆண்டுச் சோதனையை நீங்களே நடத்துகிறீர்கள், பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுக்க லோ வரமாட்டார். மென்மையான பிரஷ்ஷை வைத்து, ரத்தம் வரும் இடத்தில்தான் இன்னும் பொறுமையாகத் துலக்க வேண்டும். அழற்சி மட்டும் என்றால் ஒரு வாரம், பத்து நாளில் ரத்தம் நிற்கும். அதற்கு மேலும் வந்தால் காரை இருக்கிறது, அல்லது பள்ளம் விழுந்திருக்கிறது; போய் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். "அளந்து" என்று சொல்லியே கேளுங்கள், கண்ணால் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.